புயலை மனிதனால் நிறுத்த முடியுமா? மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மே மாதம் பாதி தாண்டியதும் தாராவிக் கடைகளில் நீலத் தார்ப்பாய் சுருள் சுருளாக வந்து இறங்கும். கூடவே இந்தக் கேள்விகளும் வரும். செம்பூர், மாட்டுங்கா, சயான் கோலிவாடா, தாராவி என்று நான் அறிவியல் பாடம் எடுக்கப் போகிற இடங்களில் பிள்ளைகள் கேட்டவை பாதி, அவர்களுடைய அப்பா அம்மாக்கள் கேட்டவை பாதி. வாட்ஸப்பில் வருவதைப் பார்த்துவிட்டுக் கேட்பவையும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார். முடியுமா, முடியாதா?

முடியாது. உருவாகிவிட்ட புயலை நிறுத்தவோ, பலவீனமாக்கவோ, வேறு பக்கம் திருப்பவோ இன்று எந்த நாட்டிடமும் வழி இல்லை. ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதும் இல்லை. அமெரிக்காவிடம் அப்படி ஒன்று இருந்தால் ஃப்ளோரிடாவை வருஷா வருஷம் அடிவாங்க விட்டிருக்க மாட்டார்கள்.

"எப்போதாவது முடியுமா" என்பது வேறு கேள்வி. அதற்கு என் பதில்: கொஞ்சம் தட்டிவிட முடியலாம். ஆனால் அதற்கு முன்பு, தட்டிவிடும் உரிமை யாருக்கு என்ற சண்டையே பெரிதாக இருக்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

நிலாவுக்கே போகிறோம், இந்தக் காற்றை நிறுத்த முடியாதா?

காற்றைப் பார்ப்பதால்தான் இப்படிக் கேட்கத் தோன்றுகிறது. புயலின் சொத்து காற்றில் இல்லை, ஆவியில் இருக்கிறது. இட்லிச் சட்டியைத் திறக்கும்போது கையில் அடிக்கும் ஆவி, கொதிக்கிற தண்ணீரை விட மோசமாகச் சுடுகிறதே, ஏன்? அந்த ஆவி கைமேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது, தான் ஆவியாக வாங்கிக்கொண்ட வெப்பத்தை எல்லாம் அங்கேயே கொட்டுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைச் சாதாரண சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்கு, அதை முழுக்க ஆவியாக்க ஆகும். புயலிலும் நடப்பது இதுதான். வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் நீராவி மேலே போய் மேகமாகி மழையாகும்போது அந்த வெப்பம் வெளியே வருகிறது. காற்று இன்னும் வேகமாக மேலேறுகிறது, கீழே அழுத்தம் குறைகிறது, சுற்றியிருக்கிற காற்று உள்ளே பாய்கிறது. பூமி சுழல்வதால் அது நேராக வராமல் சுழன்று வருகிறது.

அளவைப் பாருங்கள். சராசரிப் புயல் ஒன்று இப்படி வெளியிடும் வெப்பம், உலகம் முழுவதும் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல். அதில் 400-ல் ஒரு பங்குதான் காற்றாக மாறுகிறது. நம் வீட்டுத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போவது அந்த ஒரு பங்கு. நிலாவுக்குப் போக வேண்டிய சக்தியை ராக்கெட்டில் ஏற்றிவிடலாம். இதற்கு எதிராக நிற்க வேண்டிய சக்தியை எங்கிருந்து கொண்டுவருவது?

யாருமே முயற்சி செய்து பார்க்கவில்லையா?

செய்தார்கள், பெரிய அளவில். இந்தக் கதை எனக்குப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் நீளும்.

1946-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர் என்பவர், உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கும் மேகத் துளிகளில் உலர்பனியை (உறைய வைத்த கார்பன் டை ஆக்சைடு) போட்டால் அவை சட்டென்று பனித் துகள்களாகின்றன என்று கண்டுபிடித்தார். அதே ஆய்வகத்தில் பெர்னார்ட் வொன்னெகட், சில்வர் அயோடைடு என்ற வேதிப்பொருளும் அதே வேலையைச் செய்யும் என்று காட்டினார். அவர்களுக்கு மேலே இருந்தவர் இர்விங் லாங்மியூர், நோபல் பரிசு வாங்கியவர். அவருக்கு நம்பிக்கை தலைக்கேறிவிட்டது.

1947 அக்டோபர் 13. ப்ராஜெக்ட் சிர்ரஸ் என்ற பெயரில், கடலுக்குள் விலகிப் போய்க்கொண்டிருந்த ஒரு புயலின் மேல் விமானத்திலிருந்து சுமார் 80 கிலோ உலர்பனியைத் தூவினார்கள். அந்தப் புயல் திரும்பி நேரே ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரத்தில் போய் அடித்தது! ஊரே கொதித்தது, வழக்குப் போடுவோம் என்றார்கள். தூவுவதற்கு முன்பே அது திரும்பத் தொடங்கியிருந்தது என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். யார் கேட்பது? கை வைத்தவன் மேல்தானே பழி.

அந்தப் பயத்தில் சில வருஷம் சும்மா இருந்துவிட்டு, 1962-ல் ப்ராஜெக்ட் ஸ்டார்ம்ஃப்யூரி தொடங்கினார்கள். புயலின் நடுவே அமைதியாக இருக்கும் கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச் சுவருக்கு வெளியே சில்வர் அயோடைடைத் தூவினால், அங்கே புதிதாக ஒரு சுவர் எழும்பும், பழையது தளரும், வட்டம் பெரிதாகும், அதனால் காற்று வேகம் குறையும் என்பது திட்டம். 1969-ல் டெபி என்ற புயலில் இரண்டு நாள் தூவினார்கள். ஒரு நாள் காற்று 31 சதவீதம் குறைந்தது, இன்னொரு நாள் 18 சதவீதம். பெரிய கொண்டாட்டம்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. யாரும் எதையும் தூவாத புயல்களும் தாமாகவே புதுச் சுவர் எழுப்பிப் பழையதை விடுகின்றன, இடையில் சற்றுத் தளர்ந்து மறுபடி வலுக்கின்றன. போதாக்குறைக்கு, புயல் மேகங்களில் ஏற்கனவே பனித் துகள் நிறைய இருக்கிறது. உறையக் காத்திருக்கும் துளிகள் மிகக் குறைவு. தூவினாலும் அதற்கு வேலையில்லை. 1983-ல் கடையை மூடினார்கள். ஆனால் இருபது வருஷம் புயலுக்குள் விமானம் ஓட்டியதில் கிடைத்த அறிவு, புயல் போகும் பாதையைக் கணிக்க நன்றாக உதவியது. கட்டுப்படுத்தப் போனவர்கள் கணிக்கக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

அணுகுண்டு போட்டால்?

வருஷத்துக்கு ஒரு பையனாவது கேட்டுவிடுகிறான். அமெரிக்க வானிலை அமைப்பான நோவா இதற்கென்றே தனியாகப் பதில் எழுதி வைத்திருக்கிறது என்றால் பாருங்கள். முழு வளர்ச்சி அடைந்த புயல் ஒன்று, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 10 மெகாடன் குண்டு வெடித்தால் வரும் வெப்பத்தை விடாமல் வெளியிடுகிறது. ஹிரோஷிமா குண்டைப் போல அறுநூறு மடங்குக்கு மேல் பெரியது அந்த 10 மெகாடன். வெடியதிர்வு கடந்து போய்விடும், குறைந்த அழுத்தம் அப்படியே இருக்கும். மிகப் பலமான ஒரு புயலை நடுத்தரமாக்க வேண்டுமானால், அதன் கண் பகுதிக்குள் ஐம்பது கோடி டன் காற்றைக் கூடுதலாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். குண்டு அதைச் செய்யாது. கதிரியக்கத் தூசி மட்டும் புயலோடு ஊருக்குள் வந்து சேரும்.

அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவந்து கடலைக் குளிர வைக்கலாமே?

இது மட்டும்தான் கேட்டவுடன் நிமிர்ந்து உட்கார வைக்கும் யோசனை. கடல் மேற்பரப்பு சுமார் 26 டிகிரிக்குக் கீழே போனால் புயலுக்குச் சாப்பாடு இல்லை. அலை விசையில் இயங்கும் பம்புகள், கடலடிக் குழாயிலிருந்து காற்றுக் குமிழி விட்டு அடித்தண்ணீரை மேலே தள்ளுவது என்று பல திட்டங்கள் வந்தன. பில் கேட்ஸ் பெயரும் சேர்ந்து காப்புரிமை விண்ணப்பங்கள்கூடப் போயின. நார்வே நாட்டு நிறுவனம் ஒன்று குமிழித் திரையைச் சோதித்துப் பார்த்தது.

மியாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் கணினி மாதிரியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2,60,000 சதுர கிலோமீட்டர் கடலை, அதாவது நம் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குப் பரப்பை, முன்கூட்டியே குளிரவைத்தாலும் புயல் 15 சதவீதம்தான் பலவீனமாகிறது. குளிர வைக்க வேண்டிய தண்ணீர் 21,000 கன கிலோமீட்டர். அதையும் எங்கே செய்வது? புயல் எந்த வழியாக வரும் என்று சில நாள் முன்னால்தான் ஓரளவு சரியாகத் தெரியும். அந்தச் சில நாளில் ஆயிரக்கணக்கான கப்பல்களை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மீன்வளத்துக்கு என்ன ஆகும் என்பது தனிக் கதை. யோசனை சரி, கணக்கு கவிழ்த்துவிட்டது.

கடலில் காற்றாலைகள் வைத்துக் காற்றை உறிஞ்சுவது பற்றி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் ஜேக்கப்சன் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பல்லாயிரக்கணக்கில் காற்றாலைகள் நின்றால் காற்றும் கடலெழுச்சியும் (புயல் கரைக்குத் தள்ளிவரும் கடல் நீர்) நன்றாகக் குறையும் என்றது அவருடைய கணினி மாதிரி. வருஷம் முழுக்க மின்சாரமும் கிடைக்கும் என்பதால் இதை முழுப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ள மாட்டேன். ஆனால் பல்லாயிரம் காற்றாலைகளை ஒரே கரையோரம் இதுவரை யாரும் நட்டதில்லை.

செயற்கை மழை பெய்ய வைக்கிறார்களே? மழையை வரவைக்கத் தெரிந்தவனுக்கு நிறுத்தத் தெரியாதா?

வரவைக்கத் தெரியாது. வந்திருக்கிற மேகத்தைக் கொஞ்சம் கூடுதலாகக் கறக்கலாம், அவ்வளவுதான். மேகமே இல்லை என்றால் ஒன்றும் நடக்காது. 2025 அக்டோபரில் டெல்லியில் புகையைக் குறைக்க ஐஐடி கான்பூர் விமானம் மேகத்தில் சில்வர் அயோடைடைத் தூவியது. மேகத்தில் ஈரப்பதம் போதவில்லை, சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் சோலாப்பூர் பக்கம் சில வருஷம் முறையாகச் சோதித்து, ஏற்ற மேகம் இருந்தால் மழை கூடுகிறது என்று காட்டியது. அது உண்மையான வேலை. ஆனால் சோலாப்பூர் மேகத்துக்கும் புயலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

2024 ஏப்ரலில் துபாய் மூழ்கியபோது எல்லாரும் செயற்கை மழையைத்தான் திட்டினார்கள். அதே அமீரகத்தின் அல் ஐன் பகுதியில் ஒரு நாளைக்குள் 254 மி.மீ. கொட்டியது. அவ்வளவு தண்ணீரைத் தூவி வரவழைக்க முடியும் என்றால் ராஜஸ்தானில் நெல் விளைவித்திருக்கலாம். அது பெரிய மழை மண்டலம், பல நாள் முன்பே கணிக்கப்பட்டது.

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 2,000 கோடி ரூபாய் மிஷன் மௌசம் திட்டத்தில், வானிலையை மாற்றும் ஆராய்ச்சியும் ஒரு பகுதி. புனேயில் மேகத்தை உள்ளேயே உருவாக்கிச் சோதிக்கும் கூடமும் அதில் அடக்கம். நல்லது. எனக்கு அதில் பிடித்தது, புதிதாக வரப்போகும் ரேடார்கள்.

அலாஸ்காவில் ஹார்ப் என்று ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறதாமே, அங்கிருந்துதான் புயலை உண்டாக்குகிறார்கள் என்று வீடியோ வருகிறதே?

இருக்கிறது. 80 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் அயனி மண்டலத்தை ரேடியோ அலை விட்டு ஆராய்கிறது. மழையும் புயலும் நடப்பது இருபது கிலோமீட்டருக்குக் கீழே. அந்த வீடியோவை அனுப்பியவரிடம் இதை மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

இடி, ஆலங்கட்டி, சின்னப் புயல்காற்று? அதையாவது?

இடி விஷயத்தில் ஒரு சின்ன வெற்றி உண்டு. 2021-ல் சுவிட்சர்லாந்தின் சான்டிஸ் மலையில், 124 மீட்டர் கோபுரத்துக்குப் பக்கத்திலிருந்து பலமான லேசரை வானத்தில் விட்டு, மின்னலைச் சுமார் 50 மீட்டர் தூரம் அதன் வழியே கூட்டிவந்தார்கள். மின்னலை நிறுத்தவில்லை, எங்கே இறங்க வேண்டும் என்று வழி காட்டினார்கள்.

ஆலங்கட்டிக்கு எதிராக வெடி வெடிக்கும் பழக்கம் ஐரோப்பாவில் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. இமாசலப் பிரதேச ஆப்பிள் தோட்டங்களில் இன்றும் அந்தத் துப்பாக்கிகளைப் பார்க்கலாம். பலன் தருகிறது என்பதற்குச் சான்று இல்லை. தோட்டத்து மேல் கட்டும் வலைதான் பலன் தருகிறது. வெடி வெடித்தால் ஏதோ செய்த திருப்தி, வலை கட்டினால் செலவு. மனுஷன் எதை விரும்புவான் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறுத்த வேண்டாம். மும்பை பக்கம் வராமல் திருப்பிவிட்டால் போதுமே, அண்ணாச்சி?

தாராவியில் பானைக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் கேட்டது. சரி, திருப்பிவிடுகிறோம் என்றே வையுங்கள். எங்கே?

2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயல் மும்பைக்குத்தான் வரும் என்று நகரமே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. அது தெற்கே அலிபாக், ஸ்ரீவர்தன் பக்கம் கரையேறியது. மும்பை தப்பியது என்று நாம் பெருமூச்சு விட்டோம். ஸ்ரீவர்தனிலும் திவேயாகரிலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பாக்கு மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பாக்கு மரம் நட்டால் காய்க்கவே பல வருஷம் ஆகும். இது இயற்கையாக நடந்ததால் அந்தத் தோட்டக்காரர் விதி என்றார், நிவாரணம் கேட்டார். இதையே ஓர் அதிகாரி பொத்தானை அழுத்திச் செய்திருந்தால்? மும்பையின் சொத்து மதிப்பு அதிகம், ஆகவே உங்கள் ஊரை ஒதுக்கினோம் என்று அவருக்கு யார் போய்ச் சொல்வது? சவானா நகரத்துச் சண்டைதான் மறுபடியும், இந்த முறை நிஜமான குற்றவாளியோடு. புயல் எல்லை தாண்டினால் நாடுகளுக்குள் சண்டை.

வியட்நாம் போரில் அமெரிக்கா, எதிரியின் பாதைகளைச் சேறாக்க 1967 முதல் 1972 வரை ரகசியமாக மேகங்களில் ரசாயனம் தூவி மழையைக் கூட்டப் பார்த்தது. அது வெளியே வந்த பிறகு, வானிலையை ஆயுதமாகப் பயன்படுத்தத் தடை விதித்து 1977-ல் உலக ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள். இந்தியாவும் அதில் உண்டு. போருக்குத் தடை இருக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்து பக்கத்து ஊரை மூழ்கடித்தால் என்ன என்பதற்குத் தெளிவான சட்டம் இல்லை. ஜப்பான், 2050-க்குள் புயலின் பலத்தைக் குறைக்கும் வழி காண வேண்டும் என்று அரசுத் திட்டமே வைத்து ஆராய்கிறது. அவர்கள் இயற்பியலோடு சேர்த்துச் சட்டத்தையும் பொதுமக்கள் சம்மதத்தையும் ஆராய்வது அதனால்தான்.

மும்பாதேவி இருக்கும்வரை மும்பைக்குப் புயல் வராது என்பார்களே?

அம்மன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அரபிக் கடலில் உருவாகும் புயல்கள் பெரும்பாலும் குஜராத் பக்கமோ ஓமன் பக்கமோ போவதற்குக் காரணம் மேல்காற்றின் போக்கு. பெரும்பாலும் என்றால் எப்போதும் இல்லை. 1882-ல் ஒரு புயலில் பம்பாயில் ஒரு லட்சம் பேர் செத்தார்கள் என்று இணையத்தில் வரும், அதையும் நம்பாதீர்கள். அப்போதே கொலாபாவில் வானிலைக் கூடம் இயங்கியது, அப்படி ஒரு புயலுக்குப் பதிவே இல்லை.

2021 மே 17 அன்று டவ்தே புயல் கரையைத் தொடாமல், கடலோடு கடலாக மும்பையைக் கடந்து போனது. அதற்கே கொலாபாவில் மணிக்கு 114 கி.மீ. காற்று. பாம்பே ஹை எண்ணெய் வயல் பக்கம் நங்கூரம் அறுந்த பி-305 என்ற மிதவைக் கப்பல் மூழ்கி அறுபது பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். எச்சரிக்கை சில நாள் முன்பே வந்திருந்தது. புனே ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 1982 முதல் 2000 வரை இருந்ததை விட அடுத்த இருபது வருஷத்தில் அரபிக் கடல் புயல்கள் 52 சதவீதம் கூடியிருக்கின்றன. கடல் சூடேறியதுதான் முக்கியக் காரணம். அதைச் சூடாக்கியதில் நம் புகைக்குப் பங்கு உண்டு. ஆக, நாம் ஏற்கனவே புயலில் கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம், தப்பான திசையில்.

புயலே இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லதுதானே?

சென்னையில் இருக்கும் உங்கள் தங்கையிடம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வரவில்லை என்றால் செம்பரம்பாக்கமும் பூண்டியும் காய்ந்துவிடும், அடுத்த கோடையில் தண்ணீர் லாரிக்கு வரிசை. மும்பைக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளையும் நிரப்புவது, நாம் ரயில் ஓடவில்லை என்று திட்டுகிற அதே மழைதான்.

அப்படியென்றால் எதைத்தான் கட்டுப்படுத்த முடியும்?

புயலுக்கும் ஆளுக்கும் இடையே இருக்கும் தூரத்தை. ஒடிசாவில் 1999 புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-ல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள், இறந்தவர்கள் ஐம்பதைத் தாண்டவில்லை. புயலை யாரும் தொடவில்லை.

தூரம் என்பது எச்சரிக்கை போய்ச் சேருவதையும் சேர்த்துத்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் நூறு பேருக்கு மேல் ரயிலோடு போனார்கள். அது ரேடாரும் செயற்கைக்கோளும் கைக்கு எட்டாத காலம். 2017-ல் ஒக்கி வந்தபோது இரண்டும் இருந்தன. ஆனால் பல நாள் மீன்பிடிப்புக்குப் போய் நடுக்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்குச் செய்தி போகவில்லை. தப்பியவர்களில் பலர் மகாராஷ்டிராவின் தேவ்கட் துறைமுகம் வரை வந்து கரையேறினார்கள்.

நம் ஊரில் 2024 மே 13 அன்று வந்தது புயலே இல்லை, ஒரு புழுதிக் காற்று. காட்கோபரில், நம் சேடா நகர் முருகன் கோவிலிலிருந்து பக்கத்தில், பெட்ரோல் பங்க் மேல் ராட்சத விளம்பரப் பலகை விழுந்து 17 பேர் இறந்தார்கள். அனுமதி 40 அடிக்கு, நின்றது 120 அடிக்கு. காற்றைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை, பலகையை அளந்து பார்த்திருந்தால் போதும்.

2005 ஜூலை 26 பெருமழை மாதிரி ஒன்று மறுபடி வந்தால்?

அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ., கொலாபாவில் 73 மி.மீ. ஒரே ஊர், ஒரே நாள். அதுவும் புயல் இல்லை. 944 மி.மீ. என்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது லட்சம் டன்னுக்கு மேல் தண்ணீர். எந்த நாலாவும் (மழைநீர்க் கால்வாய்) அதை விழுங்காது. அதன்பிறகு ஹாஜி அலி, லவ் க்ரோவ் போன்ற இடங்களில் ராட்சத பம்புகள் வந்தன, 2020-ல் வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் அமைப்பு வந்தது, வெராவலியில் நகரத்துக்கு இரண்டாவது வானிலை ரேடார் வந்தது. ஆனாலும் கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் முன்னால் முழங்கால் தண்ணீர் நிற்கிற நாட்கள் முழுசாகப் போகவில்லை.

இந்த மழைக்கு வீட்டில் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

மழை அளவை மட்டும் பார்க்காதீர்கள், ஹைடைடு நேரத்தையும் பாருங்கள். கடல் 4.5 மீட்டருக்கு மேல் ஏறும் நாட்களை மாநகராட்சி முன்பே வெளியிடுகிறது. அந்த நேரத்தில் பலத்த மழையும் சேர்ந்தால் தண்ணீர் கடலுக்கு இறங்காது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அதற்கு முன்பே கூட்டிவந்துவிடுங்கள். ரெட் அலர்ட் என்றால் வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா என்று முதலாளியிடம் காலையிலேயே கேளுங்கள், சாயங்காலம் தாதரில் மாட்டிக்கொண்டு கேட்காதீர்கள். மின்னலுக்கு தாமினி செயலி உதவும். மாநகராட்சி அவசர எண் 1916. தார்ப்பாயைக் கட்டும்போது கல்லை மட்டும் மேலே வைத்து விடாதீர்கள், காற்றில் முதலில் பறந்து பக்கத்து வீட்டில் விழுவது அந்தக் கல்தான். கயிறு போட்டுச் சட்டத்தோடு இழுத்துக் கட்டுங்கள்.